ஏழாம் நம்பர் மரம்

மூன்று முறை தட்டினால் நான்கு கேட்டது.

ஜெயசீலன் தலையைச் சாய்த்து, விரலை மடக்கி, அந்தக் கறுத்த மரவளையத்தின் மேல் மறுபடியும் தட்டினான். டொக். டொக். டொக். மூன்றும் அவன் தட்டியவைதான், சந்தேகமில்லை. கனமான, உலர்ந்த சத்தம். அது அடங்கி, வெளியே சர்வீஸ் ரோட்டில் ஒரு லாரி கியர் மாற்றிப் போன பிறகு, மரத்திலிருந்து இன்னொரு டொக் வந்தது. சின்னதாக, அவசரமே இல்லாமல் வந்தது.

தகரக் கூரையின் எதிரொலி என்று முடிவு செய்துகொண்டான். எதிரொலி என்றால் மூன்றும் திரும்பி வர வேண்டும், ஒன்று மட்டும் ஏன் வருகிறது என்று அவன் காது கேட்டது. பதினைந்து வருஷமாகச் சர்ச் சபையில் டிரம்ஸ் வாசிக்கிற காது அது. அதற்குப் பதில் சொல்லாமல் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டான்.

பள்ளிகொண்டாவைத் தாண்டி, நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தது சமீருல்லாவின் குடோன். மூடிப்போன தோல் கம்பெனிகளிலிருந்து ஏலத்தில் எடுத்த மோட்டார்களும் பல்சக்கரங்களும் இரும்புப் பட்டைகளும் கூரை வரை குவிந்து கிடந்தன. மே மாதத்து வெயில். உள்ளே துருவும் மரத்தூளும் வார்னிஷும் கலந்த வாசனை, அதற்கு அடியில் ஆம்பூர்க்காரன் எவனுக்கும் சொல்லித்தர வேண்டாத இன்னொரு வாசனை. பழைய மரத்தை அறுத்து, கடைசல் பிடித்து, டிரம்ஸ் செட் செய்து விற்பது சமீருல்லா நாலைந்து வருஷமாகப் பழகிய வேலை. சபையின் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு ஒரு நல்ல செட் வாங்க வேண்டும், மரத்தையும் டோனையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டியது ஜெயசீலன் பொறுப்பு என்று கமிட்டி முடிவு செய்திருந்தது. கூடவே பாடகர் குழுத் தலைவன் நெல்வினையும் அனுப்பியிருந்தது. நெல்வினுக்கு இருபத்தாறு வயது. ஜெயசீலனைப் பார்த்தால் அவனுக்கு ஆகாது, அதை மறைக்கிற சிரமமும் எடுத்துக்கொள்ள மாட்டான்.

"எலெக்ட்ரிக் பேடு வாங்கியிருந்தா இந்த பேஜாரே இல்ல," என்றான் நெல்வின், போனைப் பார்த்தபடியே. "பட்டன் அழுத்துனா எந்த மரத்து சத்தம் வேணும்னாலும் வரும். ஆளே கூட தேவையில்ல."

"ஆள் இல்லாம எது வாசிக்கும்?"

"அதான் சொல்றேண்ணா."

ஜெயசீலன் செட்கள் பக்கம் திரும்பினான். மூன்று செட்கள் வரிசையாக இருந்தன. முதலாவது கம்பெனி செட், பிர்ச் மரம். இரண்டாவது சமீருல்லா பலா மரத்தில் கடைந்தது. மூன்றாவது இந்தக் கறுப்பு. பேஸ் டிரம்மைத் தூக்கிப் பார்த்தபோதே முதுகு பிடித்துக்கொள்ளும் போலிருந்தது.

"இன்னா மரம் பாய் இது?"

"கண்ணால பாக்காதீங்க தம்பி, காதால பாருங்க," என்றார் சமீருல்லா. "பேரு சொல்லிட்டா மனசு அந்தப் பக்கம் சாஞ்சிடும்."

"அண்ணா திரும்பி நிக்கட்டும்," என்றான் நெல்வின். "நான் அடிக்கிறேன். எது நல்லாருக்குன்னு சொல்லட்டும். அவரு காதோட லட்சணம் தெரிஞ்சிடும்."

அவமானப்படுத்தத்தான் சொன்னான். ஜெயசீலனும் வீம்புக்குத்தான் திரும்பி நின்றான். எதிரே துருப்பிடித்த தகரச் சுவர். பின்னால் முதல் செட் ஒலித்தது. சுள்ளென்று அடித்து, சட்டென்று நின்றது. மைக் வைத்தால் நன்றாக இருக்கும், ஆனால் வயிறு இல்லாத சத்தம். அடுத்தது பலா. இனிமையாக, உருண்டையாக வந்தது. கீர்த்தனைக்குப் பொருந்தும், வேகமான பாட்டில் குழைந்துபோகும். பிறகு மூன்றாவது.

அது காதுக்கு வரவில்லை. காலுக்கு வந்தது. சிமெண்ட் தரை வழியாக ஏறி முழங்காலில் நின்றது. அடி விழுந்த இடம் கூர்மையாக, அதன் பின்னால் நீண்ட, ஆழமான, ஈரமான ஓர் அடிக்குரல். ஒரு சின்ன அறை முழுக்கத் தண்ணீர் நிற்கும்போது அதன் சுவரில் கை வைத்தால் தெரியுமே, அப்படி ஒரு கனம். இவ்வளவு நல்ல சத்தத்தை அவன் ஆயுசில் வாசித்ததில்லை. இதை முன்பு எங்கோ கேட்டிருக்கிறோம் என்று தோன்றியது. எங்கே என்று யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"மூணாவது. யோசிக்கவே வேணாம், மூணாவதுதான்."

சமீருல்லா சிரித்தார். "காது காதுதான். ஆப்பிரிக்காவுலேருந்து கப்பல்ல வந்த மரம் தம்பி. தண்ணில போட்டா முங்கிடும். முப்பது வருஷம் சுண்ணாம்புத் தண்ணில ஊறுனது. இனிமே சுருங்காது, விரியாது, பூச்சி கிட்ட வராது. உங்க ஊர் மரம்தான்."

"எங்க ஊரா?"

"பாலாத்தங்கரை கம்பெனி இல்ல, மூடிட்டாங்களே. அங்க தோல் ஊறவைக்கிற பெரிய டிரம்மு ஏழெட்டு இருந்துச்சு, ஒவ்வொண்ணும் ரூம்பு உசரம். ஒண்ண மட்டும் எவனும் எடுக்க மாட்டேன்னுட்டான். நான் எடுத்துப் பிரிச்சேன். எனக்கு அதெல்லாம் நம்பிக்கை இல்ல." அவர் பேஸ் டிரம்மைத் தன் பக்கமாக உருட்டித் திருப்பினார். கறுப்பு மரத்தில் வெள்ளை பெயிண்ட்டில் ஏழு என்ற எண்ணின் மேல்பாதி தெரிந்தது. அழகுக்காக அதை அழிக்காமல், மேலேயே வார்னிஷ் அடித்திருந்தார். "நீங்ககூட அங்க இருந்ததா யாரோ சொன்னாங்க. ஆள் ஒருத்தன் உள்ள மாட்டி செத்தானே, குடிச்சிட்டு உள்ள படுத்துட்டான்னு. மெய்தானா?"

நெல்வின் போனிலிருந்து தலையைத் தூக்கியிருந்தான்.

"ஆமா," என்றான் ஜெயசீலன். "அப்படித்தான் சொன்னாங்க."

உடனே, பலாவே போதும், இது கனம் ஜாஸ்தி, தூக்கி வைக்க ஆள் வேண்டும் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தான். நெல்வின் விடவில்லை. "யோசிக்கவே வேணாம்னு நீங்கதானேண்ணா சொன்னீங்க" என்று ஆசிரியர் மாதிரி ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான். கறுப்புச் செட் அன்று சாயங்காலமே மினி லாரியில் ஆம்பூருக்கு வந்தது.

இப்போது ஜெயசீலன் ஒரு ஷூ கம்பெனியில் பாதுகாப்பு சூப்பர்வைசர். தரையில் மஞ்சள் கோடு போட வைப்பதும், புதிதாகச் சேருகிறவர்களுக்கு வகுப்பு எடுப்பதும் அவன் வேலை. எட்டு வருஷத்துக்கு முன் பாலாற்றங்கரைக் கம்பெனியில் டிரம் ஓட்டுகிறவனாக இருந்தான். மோட்டாரில் சுழல்கிற அந்தப் பெரிய மர டிரம்களுக்குள் ஆள் இறங்கிச் சுரண்டிக் கழுவுவது உண்டு. அதனால் பட்டனை அழுத்தும் முன் ஒரு வழக்கம் இருந்தது. கதவுக்குள் எட்டிப் பார்க்க வேண்டும். தாழ் போட வேண்டும். மரச்சுத்தியால் மூன்று தட்டு தட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். உள்ளே ஆள் இருந்தால் இரண்டு தட்டு தட்டுவான். மற்ற டிரம்கள் ஓடுகிற இரைச்சலில் எவ்வளவு கத்தினாலும் வெளியே கேட்காது, மரத்தில் தட்டினால் கேட்கும். பதில் வரவில்லை என்றால்தான் பட்டன்.

இரண்டு தட்டு. குடோனில் கேட்டது ஒன்றுதானே என்று அவன் தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். நாலைந்து நாளைக்கு அந்த ஒன்று அவனுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

புதன்கிழமை ஒத்திகையில் பாட்டு நின்ற பிறகும் ஓர் அடி விழுந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் இரண்டு குச்சிகளையும் மடியில் வைத்திருந்தான், பெடலிலிருந்து காலை எடுத்திருந்தான்.

"அண்ணா, ஒரு அடி ஜாஸ்தி வருது," என்றான் நெல்வின்.

"ஏதோ திருகு லூசா இருக்கு."

"திருகு லூசானா கிரீச்னு வரும். இது ஆள் அடிக்கிற மாதிரி வருது. முடியலன்னா சொல்லிடுங்க, வேற ஏற்பாடு பண்ணிக்கலாம்."

அவன் எல்லாத் திருகையும் சாவி போட்டு முடுக்கினான். வீட்டுக்கு வந்தபோது மணி ஆறரை இருக்கும். வெளிச்சம் இன்னும் போகவில்லை. வேர்வை கசகசத்தது. குளியலறைக் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. மனைவி கிரேஸிதான் உள்ளே இருக்கிறாள் என்று நினைத்து, வழக்கமாகத் தட்டுவதுபோலவே தட்டினான். மூன்று தட்டு. உள்ளே குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தம் நின்றது. டொக், டொக் என்று கதவின் கீழ்ப்பக்கத்திலிருந்து பதில் வந்தது. முழங்கால் உயரத்துக்கும் கீழே. சரி என்று கட்டிலில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைக் கழற்றினான். ஒரு பொத்தான், இரண்டு பொத்தான், மூன்றாவதில் இருந்தபோது கிரேஸி மொட்டைமாடியிலிருந்து காய்ந்த துணிகளை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கி வந்தாள்.

"குளிக்கலியா நீங்க? இன்னா இப்படிப் பாக்குறீங்க?"

அவன் குளியலறையைக் காட்டினான். கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை. குழாய் காய்ந்து கிடந்தது. தரையில் மட்டும் வெள்ளையாக, கலங்கலாக ஒரு தண்ணீர் தேங்கியிருந்தது.

"சுண்ணாம்பு நாத்தம் அடிக்குது," என்றாள் கிரேஸி மூக்கைச் சுளித்துக்கொண்டு. "கம்பெனி செருப்போட உள்ள போனீங்களா?"

கம்பெனி செருப்பு. எட்டு வருஷமாக அவன் சுண்ணாம்பு இருக்கிற இடத்தில் கால் வைத்ததில்லை. அன்றிலிருந்து அவன் எந்தக் கதவையும் தட்டவில்லை. பக்கத்து வீட்டுக்குப் போனாலும் வெளியே நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டான். கிரேஸி கேலி செய்தாள், பிறகு கேலியை நிறுத்திவிட்டு அவனைக் கவனிக்க ஆரம்பித்தாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அவன் தனியாகச் சபைக் கூடத்துக்குப் போனான். தோளில் ஒரு பழைய கம்பளி. பேஸ் டிரம் அதிர்வு அதிகமாக இருந்தால் உள்ளே கம்பளி திணித்துச் சத்தத்தை அமுக்குவது எல்லா டிரம்மரும் செய்வதுதான். விடிந்தால் பண்டிகை. திணித்துவிட்டால் அந்த உபரி அடி வராது, வந்தாலும் வெளியே கேட்காது. அது போதும் அவனுக்கு.

ஜன்னல்கள் மூடிய கூடத்தில் புழுக்கம் தாங்கவில்லை. கரண்ட் வேறு போயிருந்தது. முன்பக்கத் தோலைக் கழற்ற நான்கு திருகுகளைத் தளர்த்தியிருப்பான், வாசலில் நிழல் விழுந்தது.

முத்துமாரி. ஏழாம் நம்பர் டிரம்முக்குள் செத்த கோதண்டராமனின் மனைவி. காலையிலிருந்து தையல் மெஷினில் உட்கார்ந்து வந்த களைப்பு கழுத்தில் தெரிந்தது. திங்கட்கிழமை கம்பெனி வாசலில் அவனுக்காகக் காத்திருந்து ஒருமுறை கேட்டுவிட்டாள். 'பாக்கலாம்மா' என்று சொல்லிவிட்டு வண்டியை முறுக்கிக்கொண்டு போயிருந்தான்.

"வீட்டுக்குப் போனேன், அண்ணி நீங்க இங்கன்னு சொன்னாங்க," என்றாள். "நாளைக்கு மாப்ள வீட்டுக்காரங்க வர்றாங்கண்ணா. குடிச்சிட்டு டிரம்முல படுத்து செத்தவன் பொண்ணுன்னு யாரோ போட்டுக் குடுத்துட்டாங்க. நிஷா நர்சிங் முடிச்சு எம்மாம் நல்ல புள்ளையா இருக்கு, அதெல்லாம் பேச்சே இல்ல. நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும். அவர் குடிக்கிறவர் இல்லன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்மா. அத வேணா வந்து சொல்றேன்."

"அத மட்டும் சொன்னா, அப்ப ஏன் பதில் தட்டலன்னு கேப்பாங்க." அவள் குரல் உயரவில்லை. "முழிச்சிட்டிருந்த மனுஷன் தட்டாம இருப்பாராண்ணா? எட்டு வருஷமா அது ஒண்ணுதான் எனக்கு. சாப்புடும்போது, பஸ்ல போகும்போது. அவர் தட்டுனாரா இல்லியா?"

தட்டினான்.

தட்டினான், ஜெயசீலன் கேட்டான். கோதண்டராமன் ஒரு விளையாட்டுப் பேர்வழி. டிரம்முக்குப் பின்பக்கம் வெளியே நின்றுகொண்டு, ஜெயசீலன் மூன்று தட்டியதும் அங்கிருந்து இரண்டு தட்டுவான். ஜெயசீலன் பதறி, தாழ் நீக்கி, எட்டிப் பார்ப்பான். காலியாக இருக்கும். பின்னாலிருந்து சிரிப்பு வரும். ஐம்பது தடவையாவது அப்படி ஏமாந்திருப்பான். அன்று கதவு லேசாகத் திறந்து தொங்கியது. எட்டிப் பார்க்காமலே சாத்தினான், தாழ் போட்டான், மூன்று தட்டினான். இரண்டு தட்டு வந்தது. கொஞ்சம் வேகமாக வந்தது. "போடா, வேற வேல இல்ல ஒனக்கு" என்று சொல்லிவிட்டுப் பட்டனை அழுத்தினான்.

பத்து நிமிடம். தண்ணீர் விட்டுக் கழுவுகிற சுற்று. காலி டிரம்மில் தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான் கேட்க வேண்டும். அன்று ஒவ்வொரு சுற்றுக்கும் தொம் என்று ஓர் அடி விழுந்தது. மிச்சத் தோல் ஏதோ கிடக்கிறது என்று நினைத்தான். தாளம் அழகாக இருந்தது. சுவிட்ச் பெட்டியின் தகரத்தில் இரண்டு விரலால் அதற்கு வாசித்துக்கொண்டு நின்றான், பத்து நிமிடமும்.

விசாரணையில், மூன்று தட்டினேன், காத்திருந்தேன், பதில் வரவில்லை என்று சொன்னான். பதில் சொல்லாதவன் குடித்திருப்பான் என்பது அவர்களாகக் கட்டியது. அவன் மறுக்கவில்லை, அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானை வைத்துக்கொண்டுதான் சூப்பர்வைசர் ஆனான், வகுப்பு எடுத்தான், ஞாயிறு தவறாமல் சபையில் வாசித்தான். இப்போது ஆமாம் என்று சொன்னால் அத்தனையும் போய்விடும். எதிரே நின்று தன்னை இந்த நிலைக்கு ஆளாக்குகிற இந்தப் பெண்மேல் வெறுப்பு வந்தது. அந்த வெறுப்பு அவனுக்கே அசிங்கமாக இருந்தது.

"இல்லம்மா," என்றான். "தட்டல."

முத்துமாரியின் பார்வை அவனைத் தாண்டி டிரம்ஸ் மேல் போயிற்று. வெள்ளை பெயிண்ட்டின் மேல் நின்றது. அருகே வந்து, மரத்தில் உள்ளங்கையை வைத்தாள். காய்ச்சல் பார்க்கிற மாதிரி வைத்திருந்தாள்.

பிறகு விரலை மடக்கி, மூன்று முறை தட்டினாள்.

கூடம் முழுக்க நிசப்தம். எங்கோ தூரத்தில் ரயில் போகிற சத்தம் தேய்ந்துகொண்டே போய், அதுவும் நின்றது.

டொக். டொக்.

இரண்டு. தெளிவாக, பக்கத்தில், கொஞ்சம் வேகமாக.

அவள் கையை எடுக்கவில்லை. கண்கள் நிறைந்து வழிந்தன, முகம் மட்டும் அசையவில்லை. "கேட்டுச்சாண்ணா?"

"இன்னாது?"

"கேட்டுச்சா உங்களுக்கு?"

"எனக்கு ஒண்ணும் கேக்கலியே."

அவள் அவனைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பான். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மரத்தை ஒருமுறை தடவிவிட்டு, வாசலுக்குப் போனாள். அங்கே நின்று, திரும்பாமலே சொன்னாள்.

"சரிண்ணா. உங்களுக்குக் கேக்கலன்னா கேக்கல."

அவள் செருப்புச் சத்தம் தெருவில் மறைந்ததும் ஜெயசீலன் கூடத்துக் கதவைச் சாத்தித் தாழ் போட்டான். மிச்சத் திருகுகளைக் கழற்றி, முன்பக்கத் தோலை எடுத்துச் சுவரில் சாய்த்தான். வட்டமான கறுப்பு வாய் ஒன்று அவனைப் பார்த்துத் திறந்திருந்தது. மண்டியிட்டு, கம்பளியை நான்காக மடித்து, உள்ளே தள்ளினான்.

பேஸ் டிரம்மின் ஆழம் ஒன்றரை அடி. முழங்கை வரை போனால் மறுபக்கத் தோல் தட்டுப்பட வேண்டும். முழங்கை போயிற்று. தோள் வரை போயிற்று. விரல் நுனிக்கு எதுவும் தட்டுப்படவில்லை. கம்பளி அவன் கையிலிருந்து நழுவியது. எங்கோ உள்ளே, தண்ணீரில் விழுகிற சத்தம் கேட்டது.

எடுக்காமல் விட்டிருக்கலாம். ஆனால் நாளைக்குக் கூட்டம் நிறைந்த சபையில் அந்தக் கறுப்பு வாய் இரண்டு தட்டுத் தட்டுவதை நினைத்தான். முத்துமாரி பின்வரிசையில் வந்து நிற்பாள் என்று தோன்றியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு தலையை உள்ளே விட்டான். தோள்கள் எளிதாக நுழைந்தன. நுழைந்திருக்கக் கூடாது. ஊறிய மயிரும் சுண்ணாம்பும் அழுகலும் கலந்த நாற்றம் கண்ணை எரித்தது. கையை ஊன்றிய இடம் ஈரமாக, வழுவழுப்பாக, கீழ்நோக்கிச் சரிந்தது. துழாவிய விரல்களுக்கு ஒரு முளை தட்டுப்பட்டது. முழங்கை நீளத்துக்கு, தடித்த மரமுளை. தோலைத் தூக்கிப் போடுவதற்காகப் பெரிய டிரம்மின் உள்ளே சுற்றிலும் அடித்திருப்பார்களே, அது. சமீருல்லா அதையெல்லாம் சீவி எடுத்திருப்பார். எடுக்காமல் டிரம்ஸ் செய்ய முடியாது.

அடுத்த முளை. அதற்கடுத்தது.

போதும் என்று பின்னால் நகர்ந்தான். கால் சுவரில் இடித்தது. கூடத்துச் சுவர் இல்லை. வளைந்த சுவர். மரம்.

கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தான். எதுவும் தெரியவில்லை. ஜன்னல் இடுக்கு வெளிச்சம் இல்லை. எழுந்து நின்றான். நிற்க முடிந்தது. தலைக்கு மேலே கை நீட்டினான், அங்கும் எட்டவில்லை. காலடியில் தண்ணீர், கணுக்கால் அளவு. சுற்றிலும் ஓர் இரைச்சல், தடித்த இரைச்சல். அவனுக்கு நன்றாகத் தெரிந்த இரைச்சல். மற்ற டிரம்கள் ஓடுகின்றன.

"கிரேஸி," என்று கத்தினான். சொந்தக் காதுக்கே சரியாகக் கேட்கவில்லை.

முன்னால், ஒரு கோடு மட்டும் வெளிச்சம் தெரிந்தது. கதவு. லேசாகத் திறந்து தொங்கும் கதவு. தண்ணீரைத் தள்ளிக்கொண்டு ஓடினான். வழுக்கி விழுந்தான். முளை விலாவில் குத்தியது. எழுந்தான்.

கோடு மறைந்தது.

இரும்புத் தாழ் விழுந்தது.

இருட்டு.

பிறகு வெளியிலிருந்து, மரச்சுத்தியால், நிதானமாக.

டொக்.

டொக்.

டொக்.

அவன் தட்டினான். இரண்டு தட்டினான். வேகமாகத் தட்டினான். முட்டியால், உள்ளங்கையால், நெற்றியால். இரண்டு. மறுபடி இரண்டு. தோல் உரிந்து கை வழுக்கியது. நிறுத்தினான். மூச்சை அடக்கிக்கொண்டு, பலகையில் காதை வைத்தான்.

பலகைக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். எட்டு வருஷம் இளமையான குரல். அவனுடைய குரல்.

"போடா, வேற வேல இல்ல ஒனக்கு."

பட்டன் விழுகிற சத்தம்.

தரை சாய்ந்தது. தண்ணீர் ஒரு பக்கமாக ஒதுங்கியது. காலுக்கடியில் இருந்த மரம் மெல்ல, மிக மெல்ல, மேலே ஏறத் தொடங்கியது. பிடித்த முளை கையை விட்டுப் போயிற்று. உச்சி வரை போய், விழுந்தான்.

தொம்.

மறுபடி ஏறியது.

தொம்.

வெளியே, சுவிட்ச் பெட்டியின் தகரத்தில், இரண்டு விரல்கள் அதற்குத் தாளம் போட ஆரம்பித்தன.